பதினொன்று இருபது

நோவா கோரிட்சா. ஞாயிறு.
கார் நிறுத்தச் சீட்டு நள்ளிரவு வரைக்கும் எடுத்திருக்கிறேன்.
போட்டி தொடங்கி இருபது நிமிடம்;
காப்பியில் இன்னும் ஆவி அடங்கவில்லை.
கையில் இரண்டு ராணிகள்,
ஹார்ட்டின் ஒன்று, கிளாவர் ஒன்று.

நான் ஏற்றினேன். எதிரே ஒத்தோரினோ ஃபுர்லானுட்
இன்னும் ஏற்றினார். நானும் விடவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி,
இருபதாயிரத்தையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார்,
மேசையில் கிடக்கும் ரொட்டித் துகளைத் தள்ளுவது மாதிரி.
எல்லைக்கு அந்தப் பக்கம்
நாற்பது வருடம் பூட்டு விற்றவராம்.
பூட்டு விற்றவர் முகத்தில் சாவி தேடுகிறேன்.

கணக்கு எனக்குத் தெரியும்.
அவரிடம் ஏஸும் ராஜாவும் என்றால்
நூற்றுக்கு ஐம்பத்தாறு என் பக்கம்.
இரண்டு ராஜா என்றால் பத்தொன்பது.
இரண்டு ஜாக்கி என்றால் எண்பத்தொன்று.
கணக்கில் கஷ்டமில்லை.
கஷ்டமெல்லாம் கடிகாரத்தில்.

பதினொன்று இருபதுக்கே தோற்றால்
மீதி நாளை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது?
ராத்திரிதான் வருவேன் என்று சில்வானிடம் சொல்லியாயிற்று.
நுழைவுக் கட்டணம் முந்நூறு யூரோ,
நாலு விடியற்காலைச் சம்பளம்.
போனால் போகட்டும் அது.
"அதற்குள்ளாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்பானே,
அதற்குத்தான் பயம்.

விட்டுவிட்டால் என்ன?
நாலாயிரம் போகும், பதினாறாயிரம் மிஞ்சும்.
இரவு வரை உட்காரலாம். சூப் குடிக்கலாம்.
யாராவது கழிவறையில் அழுதுவிட்டு வருவதைப் பார்க்கலாம்.
அப்படி ஒன்பது போட்டிகள் இருந்திருக்கிறேன்.
ஒன்பதிலும் ஆறு மணிக்கு மேல்,
சில்லுகள் கரைந்து,
ஒரு இரண்டும் ஒரு ஏழும் வைத்துக்கொண்டு,
வேறு வழியில்லாமல் செத்தவள் நான்.
பரிசு வாங்கியதில்லை. முதல் ஆளாய் எழுந்து போனதும் இல்லை.
அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

பால் லாரி ஓட்டுகிறேன், விபாவா பள்ளத்தாக்கில்.
புர்யா காற்று அடித்தால் லாரிகளுக்கு நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள்;
மூடுவதற்கு முன்பே ஓரம் கட்டுகிறவள்.
பதினொரு வருடத்தில் ஒருமுறையும் கவிழ்ந்ததில்லை.
ஆனால் லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்:
நிரம்பிய தொட்டி அடங்கி உட்காரும்.
காலித் தொட்டியைக் காற்று தூக்கப் பார்க்கும், அதையும் சமாளிக்கலாம்.
பாதித் தொட்டிதான் பாவி.
பிரேக்கை மிதித்த பிறகும் பால் நிற்காது,
பின்னாலிருந்து வந்து
முதுகில் அறையும்.

சீட்டுப் போடும் பெண் என்னையே பார்க்கிறாள்.
அவசரப்படுத்தவில்லை.
ஒன்பதாம் இருக்கைக்காரன் பக்கத்து ஆளிடம்
நண்டு வேகவைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான்,
உப்பு எப்போது போடவேண்டும் என்று.

ஒன்பது போட்டியும் நான் ஓட்டியது பாதித் தொட்டி.

சரி என்றேன்.
ஸ்லோவீனியனில் சொன்னேனா இத்தாலியனிலா, நினைவில்லை.

ஏஸ், ராஜா. இரண்டும் இஸ்பேட்.
"ராணிகளா" என்று தலையை ஆட்டினார்,
துக்கம் விசாரிக்க வந்தவர் போல.
மூன்று சீட்டு விழுந்தது: நாலு, ஒன்பது, இன்னொரு நாலு.
அப்புறம் ஒரு இரண்டு.
ஐந்தாவது புரளும் முன் ஒரு விநாடி
முழுத் தொட்டி; ஒரு சொட்டு அலையவில்லை.
டைமண்ட் ராஜா.

கை குலுக்கினார். மேல்கோட்டை எடுத்துக்கொண்டேன்.
வெளியே பதினொன்று இருபத்தாறு, கண் கூசும் வெயில்.
இப்போதே கிளம்பினால் மீதிப் பணம் தருவீர்களா என்று
வாசலில் இருந்த பையனைக் கேட்டேன்.
முழுநாள் சீட்டுக்கு மீதி கிடையாதாம்.
"நள்ளிரவு வரைக்கும் நிற்கலாமே, அம்மா."

வண்டிக்குள் உட்கார்ந்து
மத்தியானத்துக்கு வைத்திருந்த ஆப்பிளைத் தின்றேன்.
சாயங்காலத்துக்கு வைத்திருந்ததையும்.
சில்வானுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.